மீளும் மூச்சு

மட்டக்களப்பு வாவி, தன்னைச் சார்ந்து வாழும் நிலத்தை இரு கரைகளாகப் பகுத்து நிற்கிறது. ஞாயிறு எழும் திசையில் உள்ளது எழுவான்கரை; அது மறையும் திசையில் உள்ளது படுவான்கரை. நகரிலிருந்து தெற்கே கல்முனையை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், குருக்கள்மடத்தைக் கடந்ததும் எதிர்ப்படும் செட்டிபாளையம் எழுவான்கரை ஊர்களுள் ஒன்று. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய மணல்நிலம். தென்னையும் பனையும் அந்த மணலைப் பற்றிக்கொண்டு நிற்பதுபோலவே ஊரவரும் அதனைப் பற்றிக்கொண்டு வாழ்ந்து வருகின்றனர். வைகாசியில் கண்ணகியம்மனுக்குக் குளிர்த்தி நிகழும்போது, தொலைவில் வாழ்வோரும் ஊருக்குத் திரும்பிவிடுவர். போனவர் திரும்புதல் என்பது அம்மண்ணில் ஒரு விழாவுக்குரிய செய்தி.

இரண்டு நீருக்கு நடுவே வாழ்பவர்க்கு ஓர் உண்மை இயல்பாகவே புலப்படும். வாவியில் தோணி தாங்கிச் செல்பவன் எந்த நேரத்திலும் கரையைக் காண்பான். கடலிற் செல்பவனோ கரையைத் தன் மனத்திலே கொண்டு செல்லவேண்டியவன். எவ்வளவு தூரம் போனேன் என்பதல்ல, திரும்புவதற்கு எவ்வளவு எண்ணெயும் குடிநீரும் வெளிச்சமும் மிஞ்சியிருக்கின்றன என்பதே அவனது முதற்கணக்கு. இந்தக் கணக்கு கடலின் மேற்பரப்பில் ஒருவகை. கடலின் அடியில் வேறொருவகை. அடியிற் செய்யப்படும் அக்கணக்கைப் பற்றியும், அதனால் ஓர் இளைஞனுக்கு நேர்ந்த ஒரு நெருக்கடியைப் பற்றியும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்விளைஞன் செட்டிபாளையத்தைச் சேர்ந்தவன். உயர்தர வகுப்பில் பௌதிகமும் இரசாயனமும் கற்றவன். பல்கலைக்கழக அனுமதிக்குச் சில புள்ளிகள் குறைந்தமையால், மாலைதீவுக்குச் சென்று சுழியோடும் நிலையமொன்றில் உதவியாளனாகச் சேர்ந்தான். சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவதில் தொடங்கி, படிப்படியாகத் தானும் ஆழச் சுழியோடும் பயிற்சி பெற்று, மீள்சுவாசக் கருவியைக் கையாளும் தகைமையையும் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். அவன் திரும்பியதற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டுமன்று. உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆழச் சுழியோடிகள் தேடிவரும் ஒரு கப்பல், அவனது ஊர்க் கடலுக்கு அப்பால் அமிழ்ந்து கிடக்கிறது என்பதும் ஒரு காரணமாகும்.

அக்கப்பலின் பெயர் ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு உலகில் முதன்முதலாகக் கட்டத் தொடங்கப்பட்டது அது. 1924இல் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்து திருகோணமலை தாக்கப்படும் என்ற எச்சரிக்கை கிடைத்தமையால், 8ஆம் திகதி இரவு ஹெர்மிஸ் அத்துறைமுகத்தை விட்டு நீங்கித் தெற்கே சென்றது. அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயர் அதற்குத் துணையாகச் சென்றது. மறுநாட் காலை இரண்டும் வடக்கு நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கையில் மட்டக்களப்புக்கு அப்பால் எதிரியின் கண்ணிற் பட்டன. விமானந்தாங்கிக் கப்பலில் அன்று விமானமே இருக்கவில்லை. அவை கரையிலே இறக்கப்பட்டிருந்தன. முற்பகல் பத்தரை மணிக்குப் பின் குண்டுவீச்சுத் தொடங்கியது. பதினொரு மணி ஆவதற்குள் ஹெர்மிஸ் மூழ்கிவிட்டது. கப்பற்றலைவர் ஒன்சுலோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் அன்றே மூழ்கியது. உயிர் தப்பியோரிற் பெரும்பாலோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிச் சென்றது.

திரும்பி வரும் வழியில் தன்னைக் காக்கும் கருவி தன்னிடம் இல்லாமற்போன கப்பல் அது. அவ்விளைஞன் அதனை அடிக்கடி நினைப்பதுண்டு. ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் அக்கப்பல் ஒருக்களித்துக் கிடக்கிறது. மீன்கூட்டங்கள் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. மென்பவளங்கள் அதன் இரும்பைப் போர்த்திருக்கின்றன. சென்று பார்ப்போர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் அது முந்நூற்றுக்கு மேற்பட்டோரின் கல்லறை என்பதை மறப்போர் அங்குச் செல்லத் தகுதியற்றவர்.

ஐம்பத்து மூன்று மீற்றர் என்பது தரையில் ஒரு தென்னந்தோப்பின் குறுக்களவு. நடந்தால் ஒரு நிமிடம் போதும். கடலிலோ அது வேறோர் உலகம். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் நீரின் அமுக்கம் ஏறக்குறைய ஒரு பார் வீதம் கூடுகிறது. மேற்பரப்பில் வளிமண்டலத்தின் ஒரு பாருடன் தொடங்கி, அக்கப்பலின் அடியை அடையும்போது அது 6.3 பாராகிறது. அங்கு மூச்சுவிடும் ஒருவன் ஒவ்வொரு மூச்சிலும் மேற்பரப்பில் உள்ளிழுப்பதைப்போல ஆறு மடங்குக்கு மேற்பட்ட வாயுவை உள்ளிழுக்கிறான். சாதாரணக் காற்று அங்கு ஒரு லீற்றருக்கு 8 கிராமுக்கு மேல் அடர்த்தி கொள்ளும். அடர்ந்த வாயுவை இழுத்து விடுவது பெருந்தொழில். அத்தொழிலில் நெஞ்சு சோர்ந்தால் உடலிற் பிறக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறாமல் தேங்கிவிடும். லீற்றருக்கு 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நன்று, 6.2 கிராமைக் கடத்தல் ஆகாது என்பது அண்மைக்கால ஆய்வாளர் வகுத்த வரம்பு. அன்றியும், அமுக்கம் மிகுந்த நைதரசன் மதுவைப்போல் மதியை மயக்கும். இவ்விரு காரணங்களால் காற்றுக்குப் பதிலாக ஒட்சிசன், ஈலியம், நைதரசன் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவையைக் கொண்டுசெல்கின்றனர். ஒட்சிசன் நூற்றுக்குப் பதினெட்டும் ஈலியம் நாற்பத்தைந்துமாக அமைந்த கலவை, அவ்வாழத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 5 கிராமே நிறைகொள்ளும். ஈலியத்தின் இலேசான தன்மை செய்யும் உதவி இது. ஆனால் ஈலியம் கடல்கடந்து வருவது, விலை மிக்கது, வேண்டியபோது கிடைப்பதுமன்று.

இவ்விடத்திலேதான் மீள்சுவாசக் கருவி வருகின்றது. சாதாரணச் சிலிண்டரோடு செல்பவன் விடும் மூச்சு குமிழியாகி மேலெழுந்து வீணாகிறது. மீள்சுவாசக் கருவியிலோ வெளிவிட்ட மூச்சு வெளியேறுவதில்லை. அது ஒரு குழாய்வழியே சென்று சுண்ணாம்புமணிகள் நிரம்பிய ஒரு பெட்டியைக் கடக்கிறது. அங்குக் காபனீரொட்சைட்டு நீங்குகிறது. உடல் செலவிட்ட ஒட்சிசனைக் கருவி அளந்து ஊட்டுகிறது. தூய்மையடைந்த அதே மூச்சு மீண்டும் வாய்க்கு வருகிறது. 1878இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹென்றி புளூஸ் ஆக்கிய கருவி இவற்றுக்கு முன்னோடி. 1880இல் செவேண் ஆற்றின்கீழ் தோண்டப்பட்ட சுரங்கம் நீரில் மூழ்கியபோது, அலெக்சாந்தர் லம்பேட் என்ற சுழியோடி அக்கருவியை அணிந்து இருளிலே நெடுந்தூரம் நடந்து சென்று, உள்ளேயிருந்த இரும்புக் கதவை மூடிவிட்டு வந்தார்.

அப்பெட்டியில் இருக்கும் மணிகளிற் பெரும்பகுதி கல்சியம் ஐதரொட்சைட்டு. எழுவான்கரையில் வெற்றிலை போடும் எவரும் அப்பொருளை அறிவர். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதுவே. கரண்டகத்தை மூடாமல் வைத்தால் சுண்ணாம்பு இறுகிப் பயனற்றுப் போவதும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அது உண்டு காபனேற்றாக மாறுவதாலேயே. கருவிக்குள் நிகழ்வதும் அதுதான். மணிகள் தங்களால் இயன்றவரை உண்டு, பின் ஓய்ந்துவிடும். எத்தனை மணி நேரத்தில் ஓயும் என்பது நீரின் குளிர்ச்சி, செல்பவனின் உழைப்பு, மணிகளை இட்டு நிரப்பிய பக்குவம் ஆகியவற்றைப் பொறுத்தது.

இக்கருவியின் சிக்கனம் வியப்புக்குரியது. இலேசாக அசைந்து செல்லும் ஒருவனது உடல் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் ஒட்சிசனையே செலவிடுகிறது. பத்து மீற்றரிலும் ஐம்பது மீற்றரிலும் அச்செலவு ஏறத்தாழ ஒன்றே. ஒன்றரை மணி நேரம் நீருக்கடியில் இருந்து மீள்வதற்கு 90 லீற்றர் ஒட்சிசன் போதும். உள்ளங்கைகளாற் சுற்றிப் பிடிக்கத்தக்க ஒரு சிறு சிலிண்டரே அதனைத் தந்துவிடும். ஆனால் இச்சிக்கனம் கருவி பழுதின்றி இயங்கும்வரைதான். பழுதுற்ற மறுகணமே செல்பவன் பழைய ஊதாரித்தனத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதாவது, பக்கத்தில் தொங்கும் அவசரச் சிலிண்டரின் வாய்க்கருவியைக் கடித்து, ஒவ்வொரு மூச்சையும் கடலுக்குத் தாரைவார்த்துக்கொண்டே மேலேற வேண்டும்.

பழுதுகள் பலவகை. ஒட்சிசன் குறைந்தால் அறிகுறி யாதுமின்றி நினைவு தப்பும். மிகுந்தால் வலிப்பு வரும். நீர் புகுந்தால் சுண்ணாம்பு கரைந்து வாயைச் சுடும். இவற்றுள் மிகக் கொடியது சுண்ணாம்பு ஓய்ந்து காபனீரொட்சைட்டு திரும்பி வருவது. அது வரும்போது மூச்சுத்தான் முதலிற் பதறும். பதறும் மூச்சு நிமிடத்துக்கு இருபது லீற்றர் என்ற அமைதியான அளவை விட்டு நாற்பது, ஐம்பது என ஏறும். அறிவு மங்கும். வாயிலுள்ளதை எடுத்து வேறொன்றை வைக்கும் அந்த இரண்டு நொடிகள்கூடக் கடக்கவியலாத காலமாகத் தோன்றும். இதில் உள்ள முரண் மனங்கொள்ளத்தக்கது: எந்த வேளையில் காற்று மிக அதிகமாகத் தேவைப்படுமோ அந்த வேளைக்கென்றே அது ஒதுக்கப்படுகிறது, எந்த வேளையில் அறிவு மிகக் குறைவாக இருக்குமோ அந்த வேளைக்கான முடிவை அறிவு தெளிந்த வேளையிலேயே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

பழுது நேர்ந்தால் உடனே மேலே வந்துவிடலாகாதா என்று கரையில் நிற்பவர் கேட்பர். ஆழத்தில் உடலின் இழையங்களிற் கரைந்த வாயு, விரைந்து மேலேறும்போது குமிழிகளாக வெடித்தெழும். சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் பொங்குவது போன்றதே அது. குருதியிலும் முள்ளந்தண்டிலும் அக்குமிழிகள் அடைத்தால் மூட்டுநோவு, கால் வழங்காமை, சாவு ஆகியன நேரலாம். நிலைநிலையாக நின்று மேலேறும் முறையை ஹோல்டேன் என்ற அறிஞர் தம் துணைவர் இருவருடன் 1908இல் வகுத்து வெளியிட்டார். அன்றுதொட்டு ஆழச்சென்றவன் நேரே மேலே வரும் உரிமையை இழந்தவன் என்பது சுழியோடிகளின் அடிப்படை விதியாயிற்று. தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று உண்டு. அதனைக் கடக்கக் காலம் வேண்டும். காலத்துக்குக் காற்று வேண்டும்.

இதனை அவ்விளைஞன் நூல்களிற் கற்பதற்கு முன்னரே தன் வீட்டுத் திண்ணையிற் கற்றிருந்தான். அவனது தாய்மாமன் ஒருகாலத்தில் கடலட்டை எடுக்கச் சுழியோடியவர். அட்டைக்கு நல்ல விலை இருந்த காலம் அது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு சிலிண்டர்கள் என்று, ஒன்று முடிய மற்றொன்றாகக் கட்டிக்கொண்டு இறங்குவார். அட்டவணை இல்லை, கைக்கடிகாரமும் இல்லை. காற்று இழுக்கக் கடினமாகும்போது மேலே வரவேண்டும் என்பதே அவர் அறிந்த கணக்கு. ஒருநாள் நான்காம் சிலிண்டரும் தீர்ந்து விரைந்து மேலே வந்தவர், வள்ளத்தில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கையில் கால்கள் மரத்துப்போவதை உணர்ந்தார். அன்றிலிருந்து ஊன்றுகோல் இன்றி அவரால் நடக்க இயலவில்லை. காற்று மிஞ்சியிருக்கவில்லை, ஆகவே காலம் மிஞ்சியிருக்கவில்லை. திண்ணையின் ஓரத்தில் அமர்ந்து தெருவைப் பார்ப்பதே பின்னாளில் அவர் தொழிலாயிற்று.

அந்த ஆண்டு புரட்டாதி மாதம். வாடை தொடங்குவதற்கு முன் கடல் கண்ணாடிபோற் கிடக்கும் கடைசி நாட்கள். அதன்பின் மாரி முடிந்து பங்குனி, சித்திரை வரும்வரை ஆழச் சுழியோட்டத்துக்குக் கடல் இடந்தராது. வெளிநாட்டிலிருந்து வந்த மூத்த சுழியோடி ஒருவரும் அவர்தம் நண்பரும் ஹெர்மிஸைக் காண விரும்பினர். மூன்றாமவனாக அவர்களோடு இறங்கி வழிகாட்டும் பொறுப்பு இவனுக்குக் கிடைத்தது. தன் ஊர்க் கடலில் மீள்சுவாசக் கருவியுடன் அவன் அக்கப்பலுக்குச் செல்லும் முதல் வாய்ப்பு அது. கிடைக்கும் ஊதியத்தில் வீட்டுக் கூரையை மாற்றுவதாகத் தாயாரிடம் சொல்லியும் இருந்தான்.

முதல்நாள் மாலை கலவை நிரப்பும்போது ஈலியம் முடிந்துவிட்டது. வரவேண்டிய சிலிண்டர் கொழும்பிலேயே தங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. மூவர்க்கும் உரிய அவசரச் சிலிண்டர்கள் 200 பாருக்குப் பதிலாக 140 பாரோடு நின்றன. காற்றை மட்டும் மேலும் சேர்த்து 200 ஆக்கலாம். ஆனால் கலவை கெட்டு அடர்த்தியும் மயக்கமும் மிகும். பதறும் மூச்சுக்கென்று வைத்த வாயு அடர்ந்திருப்பதிற் பொருளில்லை.

அன்றிரவு அவன் வீட்டு மேசையில் கணக்குப் பார்த்தான். அக்கணக்கை இங்கு நோக்குதல் தகும். ஆழத்திற் பழுது நேர்ந்து, தெளிவு பெற்று, புறப்படுவதற்கு மூன்று நிமிடம், பதறும் மூச்சு நிமிடத்துக்கு 40 லீற்றர், அமுக்கம் 6.3. மூன்றையும் பெருக்க 756 லீற்றர். அங்கிருந்து இரண்டாவது சிலிண்டருக்கு மாறத்தக்க 21 மீற்றர் ஆழத்தை அடைய நான்கு நிமிடம். நடு அமுக்கம் 4.7, சற்றுத் தணிந்த மூச்சு 30 லீற்றர். அது 564. வழியில் 24 மீற்றரில் இரண்டு நிமிடத் தரிப்பு, அமுக்கம் 3.4. அது 204. ஆகமொத்தம் 1,524 லீற்றர். சிலிண்டரின் கொள்ளளவு 11 லீற்றர். 140 பாருக்கு அதில் இருப்பது 1,540 லீற்றர்.

மிகுவது 16 லீற்றர். இருபத்தொரு மீற்றரில் அது பத்து நொடிக்குரிய மூச்சு. இரண்டாவது சிலிண்டரில் இருந்த, நூற்றுக்கு ஐம்பது ஒட்சிசன் கொண்ட வாயு நிறைவாகவே இருந்தது. அங்கிருந்து மேற்பரப்புவரை அரைமணி நேரத் தரிப்புகளுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அதனை 21 மீற்றருக்குக் கீழே வாயில் வைத்தல் ஆகாது. மிகுந்த ஒட்சிசன் வலிப்பைத் தரும். எனவே அந்தப் பத்து நொடியே இரு கரைகளுக்கும் இடையில் இருந்த பாலம்.

பேனாவை வைத்துவிட்டு அவன் திண்ணைக்கு வந்தபோது மாமன் விழித்திருந்தார். நாளைக்குப் பயணமா என்று கேட்டார். அவன் கப்பலின் ஆழத்தையும், அங்கே நிற்கவுள்ள நேரத்தையும், கருவியின் திறத்தையும் விரித்துச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் வெற்றிலையிற் சுண்ணாம்பைத் தடவியபடி, "போறதுக்குரிய கணக்கு எனக்கு வேணாம் மருமகன். வாறதுக்கு எவ்வளவு வெச்சிரிக்கிறாய்?" என்று கேட்டார்.

"போதும் மாமா. சரியா இரிக்கி" என்றான் அவன்.

"சரியா இரிந்தாப் போதாது" என்றார் மாமன். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. கரண்டகத்தை மூடும் ஓசை மட்டும் கேட்டது.

மறுநாள் விடியுமுன் கல்லடிக் கடற்கரையில் அவன் தன் கணக்கை மற்ற இருவரிடமும் காட்டினான். மூத்தவர் அதனைப் பொறுமையோடு பார்த்தார். அவர் முரடர் அல்லர், அனுபவசாலி. அவர் கூறிய மறுமொழியும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மூவரிடமும் சேர்ந்து 4,620 லீற்றர் இருக்கிறது. மூன்று கருவிகளும் ஒரே நேரத்திற் பழுதாவதில்லை. ஒருவனுக்குக் குறைந்தால் மற்றிருவர் தருவர். குழுவாகச் செல்வதன் பொருளே அதுவன்றோ? உலகின் பல இடங்களிலும் அவ்வாறு பகிர்ந்து திட்டமிடுவோர் உண்டு. அன்றியும், கடல் இனி ஆறு மாதத்துக்கு இவ்வாறு கிடக்கப்போவதில்லை. இவையே அவரது வாதம்.

இளைஞன் தயங்கினான். பெரியவரை மறுத்துரைப்பது அவனுக்குப் பழக்கமன்று. இளையவன், உள்ளூரான், ஊதியத்துக்கு வந்தவன் என்ற மூன்று தாழ்வுகளும் அவன் நாவைப் பிடித்தன. ஆயினும் தாளிலிருந்த எண்களை அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். பதறும் மூச்சை 40 என்று கொண்டது ஒரு மதிப்பே. அது 50 ஆனால் முதல் மூன்று நிமிடத்துக்கே 945 லீற்றர் வேண்டும். மிகுந்த 16 லீற்றர் போய் 173 லீற்றர் குறையும். கூட்டாளி தருவார் என்பது மெய்யே. ஆனால் கலங்கிய நீரில் கூட்டாளி கண்ணிற்பட வேண்டும். நீரோட்டத்தில் கை எட்ட வேண்டும். மூச்சுக்குத் தவிப்பவன் அதுவரை பொறுக்க வேண்டும். காபனீரொட்சைட்டு ஏறியவன் தன் பக்கத்துச் சிலிண்டருக்கு மாறுவதே அரிது. பிறன் பக்கத்துச் சிலிண்டரை அவன் தேடிப் பிடிப்பது எங்ஙனம்? இறங்கு கயிற்றில் ஒரு சிலிண்டரைக் கட்டித் தொங்கவிடலாம் என்று நண்பர் சொன்னார். கயிற்றை விட்டு நீரோட்டம் அடித்துச் சென்றவனுக்கு அக்கயிற்றிலுள்ள காற்றால் யாது பயன் என்று இவன் கேட்டான்.

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குபவனின் கயிற்றை மேலே ஒருவன் பிடித்திருப்பான். கீழுள்ளவன் சுண்டியதும் அவனை இழுத்தெடுப்பது மேலுள்ளவன் கடன். அக்கயிற்றை மைத்துனன் கையிலே கொடுக்கும் வழக்கம் பற்றித் தமிழர் கடற்கரைகளில் இன்றும் பேசப்படுகிறது. உடன்பிறந்தாளின் தாலி தன் கையிலிருக்கும் கயிற்றோடு பிணைந்திருப்பதால் அவன் கண்ணயரமாட்டான் என்பது அதன் உட்பொருள். அக்காலத்துச் சுழியோடி தன் மீட்சியை உறவின்மேல் ஏற்றினான். மீள்சுவாசக் கருவியோடு செல்பவனுக்கு மேலே கயிறு பிடிப்பார் எவருமிலர். அவன் தன் பக்கத்திலே கட்டிச் செல்லும் சிலிண்டரே அவன் கயிறு. முதல்நாள் இரவில் தாளிலே பெருக்கிக் கூட்டிய அவனே அவனுக்கு மைத்துனன். கூட்டாளியின் காற்று என்பது இரண்டாவது கயிறாகலாம், முதற்கயிறாதல் இயலாது.

இளைஞன் முடிவில், தான் இறங்கவில்லை என்றும், வழிகாட்டியாகிய தான் இறங்காதவிடத்து அவர்களையும் அக்கப்பலுக்கு இட்டுச் செல்ல இயலாது என்றும் பணிவோடு கூறினான். நண்பர் சினந்தார். மூத்தவர் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்தார். பின்னர் கருவியைக் கழற்றத் தொடங்கினார். படகுக்காரர் எண்ணெய்க் கணக்கைக் கேட்டார். கடல் அன்று முழுவதும் ஒரு சுருக்கமுமின்றிக் கிடந்தது. அதைக் காண்பதுதான் எல்லாவற்றினும் கடினமாக இருந்தது.

இங்கு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மூவரும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நேர்ந்திராது. கருவிகள் பழுதின்றி இயங்கியிருக்கும்; கப்பலைக் கண்டு, கதைபேசி மீண்டிருப்பர். அவன் மறுத்தது சரி என்பதற்குக் கடல் எந்தச் சான்றையும் தரவில்லை, இனித் தரப்போவதுமில்லை. விபத்து நேராத நாளில் எச்சரிக்கை எப்போதும் கோழைமைபோலவே தோற்றமளிக்கும். விபத்து நேர்ந்த நாளிலோ எச்சரிக்கை இல்லாமையைச் சுட்டிக்காட்டப் பலர் முன்வருவர். இவ்விரண்டுக்கும் நடுவே, சான்றில்லாத ஒரு முடிவைத் தனியனாக நின்று எடுப்பவனுக்குக் கிடைப்பது ஊதியமற்ற ஒரு நாளும் சில கசந்த முகங்களுமே. கூரை அவ்வாண்டு மாற்றப்படவில்லை. மாரியில் இரண்டு இடங்களில் ஒழுகிற்று. ஒழுக்கின் கீழ்ச் சட்டியை வைத்தபோது தாயார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவன் எண்ணினான்.

அடுத்த ஆண்டு சித்திரையில் மூத்தவர் மட்டும் மீண்டும் வந்தார். ஈலியத்தை முன்கூட்டியே வரவழைத்திருந்தனர். அவசரச் சிலிண்டர்கள் இரண்டும் 200 பாரோடு நின்றன, 2,200 லீற்றர். வேண்டுவது போகப் பத்தில் மூன்று பங்கு மிகும். இறங்குவதற்கு முன் மூத்தவர் தாமே ஒரு தாளை எடுத்து, மூச்சை 50 என்று இட்டுக் கணக்கைப் புதிதாகச் செய்து, அதனை இளைஞனிடம் சரிபார்க்கக் கொடுத்தார். முந்தைய ஆண்டைப்பற்றி அவர் வேறொன்றும் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நீலம் கறுத்து, கறுப்பிலிருந்து கப்பல் ஒரு மலைபோல் எழுந்தது. இருபத்தைந்து நிமிடம் அதன் அருகே இருந்தனர். எதனையும் தொடவில்லை, எதனையும் எடுக்கவில்லை. இளைஞன் ஒருகணம் அசையாது நின்று, தன் சொந்த மூச்சு குழாய்வழியே சென்று திரும்பும் மெல்லிய ஓசையை மட்டும் கேட்டான். 307 பேருக்கு அந்த ஓசை இந்த நீரில் நின்றுபோயிற்று என்ற நினைவு வந்தது. பின்னர் கடிகாரத்தைப் பார்த்து மேலே கைகாட்டினான்.

அன்று மாலை செட்டிபாளையத்து வீட்டு முற்றத்தில் சிலிண்டர்களை நன்னீரிற் கழுவி வரிசையாக நிறுத்தினான். மாமன் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்து, அவசரச் சிலிண்டரின் மானியைக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு கிடக்குது?"

"இருநூறு, மாமா. தொடவேயில்லை."

"அப்ப அவ்வளவும் வீண்தானே?" என்றார் அவர், முகத்தில் அரிதாகத் தோன்றும் ஒரு சிரிப்போடு.

அவன் விடை கூறவில்லை. மாமனும் அதனை எதிர்பார்க்கவில்லை. அவர் கையை நீட்டி அந்தச் சிலிண்டரின் ஈரமான தோளைத் தடவிக்கொடுத்துவிட்டு, வந்த வழியே திண்ணைக்குத் திரும்பினார்.